ஓட்டத்தை அடக்கிய மேதை லாஞ்செஸ்டர்

மோட்டார் வண்டியை ஓட வைத்தவர்களின் பெயர்களை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்து விடுகிறோம். பென்ஸ், டெயிம்லர், ஃபோர்டு என்று வரிசையாகச் சொல்லுவோம். ஆனால் ஓடுகிற வண்டியை நிறுத்த நல்ல வழி கண்டவர் யார் என்று கேட்டால் விழிப்போம். ஓட்டுவது ஒரு வித்தை என்றால், வேண்டிய இடத்தில் நிறுத்துவது அதனினும் பெரிய வித்தை. அந்த வித்தையில் தம் காலத்தை ஐம்பது ஆண்டுகள் முந்திச் சென்ற ஒருவரின் வாழ்க்கையை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்தான் பிரடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு பழைய ஜீப். படிப்பை முன்னிட்டுக் கோவில்பட்டியிலிருந்து இந்நகருக்கு வந்த நான் கிழக்கேகோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அடுத்த சந்தில் ஒரு சிறு பட்டறை. அதை நடத்தும் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமிழ் கேட்கும் இடம் என்பதால் மாலை வேளைகளில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். விதுரைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தம் பழைய ஜீப்பை அங்கே கொண்டு வந்து விட்டிருந்தார். பொன்முடி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் நிற்கவில்லை என்பது அவர் குறை. அண்ணாச்சி முன் சக்கரங்களின் டிரம்களைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்தத் தொடங்கினார். இந்த டிஸ்க் பிரேக் நேற்று முளைத்த புதுமை என்றுதான் பலர் எண்ணுகிறோம். அதற்கு உரிமைப் பத்திரம் பெறப்பட்ட ஆண்டோ 1902!

லாஞ்செஸ்டர் 1868-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் லண்டனில் ஒரு கட்டடக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். சவுத்தாம்டன் நகரின் ஹார்ட்லி கல்லூரியில் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று லண்டன் தென் கென்சிங்டனில் அறிவியற் கல்வி கற்றார். ஆனால் பட்டம் எதுவும் பெறாமலே வெளியேறினார். சிறிது காலம் படம் வரையும் வேலை பார்த்துவிட்டு, 1889-இல் பர்மிங்காம் நகரில் வாயு எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் அமர்ந்தார். அங்கேதான் அவருடைய கையும் மூளையும் ஒன்று சேர்ந்தன.

அந்நாளில் மோட்டார் வண்டி என்றால் குதிரை வண்டியில் குதிரைக்குப் பதிலாக எஞ்சினை மாட்டுவது என்றே பலர் நினைத்திருந்தனர். லாஞ்செஸ்டர் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் முதலிலிருந்து கணக்கிட்டு அமைத்தார். அவருடைய முதல் வண்டி 1896-இல் சாலையில் ஓடியது. 1899-இல் ஃபிராங்க், ஜார்ஜ் என்ற தம் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனியைத் தொடங்கினார். பிற்காலத்தில் நம் நாட்டு மன்னர்களும் லாஞ்செஸ்டர் வண்டிகளை விரும்பி வாங்கினர். கிரிக்கெட் வீரராகப் புகழ்பெற்ற நவநகர் மன்னர் ரஞ்சித்சிங் அவர்களுள் ஒருவர்.

இனி 1902-க்கு வருவோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு வழிகள் பிறந்தன. பிரான்சில் லூயி ரெனோ சக்கரத்தோடு சுழலும் ஒரு டிரம்மையும், அதன் உள்ளேயிருந்து விரிந்து அழுத்தும் இரண்டு ஷூக்களையும் அமைத்தார். இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் பின் சக்கரத்தோடு சுழலும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டையும், அதன் விளிம்பை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் தாடைகளையும் அமைத்தார். உலகம் ரெனோவின் வழியையே ஏற்றுக் கொண்டது.

ஏன்? லாஞ்செஸ்டரின் தத்துவத்தில் பிழையில்லை. தகட்டைக் கவ்வும் இடத்தில் வைப்பதற்கு அவருக்குக் கிடைத்த பொருள் செம்பு. அன்றைய சாலைகளோ புழுதிச் சாலைகள். மறைவின்றித் திறந்து நின்ற தகட்டில் புழுதி படிந்து செம்பை விரைவில் தேய்த்தது. உலோகத்தோடு உலோகம் உரசிக் காதைப் பிளக்கும் ஓசை எழுந்தது. பின்னர் ஹெர்பர்ட் ஃபுரூட் என்ற ஆங்கிலேயர் கல்நார் கலந்த லைனிங்கைக் கொண்டு வந்தார், கூச்சல் அடங்கியது. ஆனால் அதற்குள் டிரம் வேரூன்றி விட்டது.

டிரம்முக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. அதன் சுழற்சியே முன் ஷூவை இழுத்து மேலும் அழுத்துவதால் ஓட்டுநரின் காலுக்கு வேலை குறைவு. மெதுவாகச் சென்ற அக்கால வண்டிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1941-இல் உருவான ஜீப்பிலும் நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல டிரம்களே இருந்தன.

பிரேக் செய்யும் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. ஆட்களோடும் சரக்கோடும் 1,500 கிலோ எடையுள்ள ஜீப் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால், ஏறத்தாழ 700 மில்லி லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிறக்கும். பொன்முடியிலிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 900 மீட்டர் இறங்கும்போது அதைப் போல் 60 மடங்குக்கு மேல் வெப்பமாக மாற வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

மூடிய டிரம்மினுள் அந்த வெப்பம் அடைபடுகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. பெடல் கீழே போகிறது. ஓடையைக் கடந்தால் உள்ளே புகுந்த நீரும் சேறும் எளிதில் வெளியேறுவதில்லை. டிஸ்க்கோ காற்றில் திறந்து நிற்கிறது. சூட்டில் தடித்தாலும் கவ்வும் பக்கத்தை நோக்கியே தடிக்கிறது. நனைந்தால் சுழற்சியிலேயே நீரை உதறிவிடுகிறது. அன்று புழுதியால் லாஞ்செஸ்டருக்குப் பகையான அந்தத் திறந்த நிலையே இன்று அதன் பலம்!

ஆனால் டிஸ்க்குக்கு டிரம்மைப் போலத் தன்னைத் தானே இழுத்து அழுத்தும் குணம் கிடையாது. ஆகவே பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்க பூஸ்டர் வேண்டும். தாடையைத் தள்ளும் பிஸ்டன் பெரிது; அதற்குப் போதுமான பிரேக் ஆயிலை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். முன் பின் சக்கரங்களின் பிடிப்பும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்க வேண்டும். பின் சக்கரம் முந்திக் கொண்டு பூட்டினால் வண்டி வழுக்கும். எனவேதான் தகட்டை மட்டும் மாட்டிக் கொடுக்கும்படி அந்தத் தோட்டக்காரர் கேட்டபோது அண்ணாச்சி மறுத்துவிட்டார். முழுதாகச் செய்வதானால் செய்வது, இல்லையேல் பெரிய டிரம்மோடு நிறுத்திக் கொள்வது என்பது அவர் முடிவு. மலைப்பாதையில் பல உயிர்கள் அந்தப் பெடலை நம்பிச் செல்கின்றன அல்லவா?

லாஞ்செஸ்டரின் கதைக்குத் திரும்புவோம். முதல் போதாமல் 1904-இல் அவருடைய கம்பெனி நொடித்துப் போயிற்று. வேறு பெயரில் மீண்டும் எழுந்தாலும், அதில் அவருடைய செல்வாக்கு குன்றியது. 1909-இல் டெயிம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். எஞ்சினின் அதிர்வை அடக்க எதிரெதிராகச் சுழலும் தண்டுகளை அமைத்தார். எழுபதுகளில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் அந்தத் தத்துவத்தைத் தன் எஞ்சின்களில் கையாண்டது.

வானத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. விமானம் பறப்பதற்கு முன்பே, இறக்கையைச் சுற்றிக் காற்று சுழல்வதால் தூக்குவிசை எழுகிறது என்று கண்டார். 1897-இல் அவர் அளித்த கட்டுரையை அறிஞர் சங்கம் ஏற்க மறுத்தது. அவர் சோர்ந்து விடவில்லை. 1907-லும் 1908-லும் தம் கருத்துகளை இரண்டு பெரும் நூல்களாக வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் பிராண்டில் பின்னாளில் முழுமையாக்கிய இறக்கைக் கொள்கை இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது. போரில் படைகளின் வலிமையைக் கணக்கிட 1916-இல் நூலாக அவர் தந்த விதியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பட்டம் பெறாத அவருக்குப் பர்மிங்காம் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1922-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக் கொண்டது.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. முதுமையில் கை நடுக்க நோய் கண்டது. கண் பார்வையும் மங்கியது. மோட்டார் தொழிலோர் சங்கத்தின் உதவியால்தான் குடியிருந்த வீட்டை இழக்காமல் இருந்தார். 1946 மார்ச் 8-ஆம் நாள் அந்த மேதை மறைந்தார். ஏழே ஆண்டுகளில், 1953-இல், பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. 1955-இல் சித்ரோவன் கம்பெனி ஏராளமாகச் செய்து விற்ற வண்டியில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வைத்தது. அதைக் காண அவர் இல்லை.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இவ்வாழ்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒரு கருத்து தோற்றது என்றால் அது தவறு என்று பொருளல்ல. அதற்கேற்ற பொருள் இன்னும் பிறக்கவில்லை என்றும் இருக்கலாம். கிடைத்த பொருளே முடிவுமல்ல. கூச்சலை அடக்கிய கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு என்று பிறகு தெரிந்தது. பல நாடுகள் அதை விலக்கி விட்டன. கருத்து நின்றது, பொருள்தான் மாறி மாறி வந்தது.

நண்பர்களே, நம் ஆய்வுக் குறிப்பேடுகளில் கோடிட்டு அடித்துப் போட்ட பக்கங்கள் எத்தனையோ இருக்கும். அவற்றைக் கிழித்து எறியாதீர்கள். தேதியிட்டு, ஏன் நின்று போயிற்று என்ற காரணத்தையும் எழுதி வையுங்கள். அதற்கு வேண்டிய பொருள் பிறக்கும் நாளில், அந்தப் பக்கம் யாரோ ஒருவர் கையில் இருக்க வேண்டும்.