மக்கள் முன் பதவியை வைத்த கலீபா

காஞ்சி மாநகரில் இராசசிம்ம பல்லவர் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், சிந்து முதல் ஸ்பெயின் வரை பரந்து கிடந்த உமைய்யாப் பேரரசின் அடுத்த தலைவர் யார் என்பது ஒரு மூடிய உறைக்குள் இருந்தது. கி.பி. 717-ல் (ஹிஜ்ரி 99) வட சிரியாவின் தாபிக் என்னுமிடத்தில் மரணப் படுக்கையிலிருந்த கலீபா சுலைமான், தமக்குப் பின் வருபவரின் பெயரை எழுதி முத்திரையிட்டார். பெயர் இன்னதென்று அறியாமலேயே அரச குடும்பத்தார் பைஅத் செய்யப் பணிக்கப்பட்டனர். உறை பிரிக்கப்பட்டபோது வெளிப்பட்டது, சுலைமானின் சிறிய தந்தை மகனாகிய ஹஸ்ரத் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் பெயர்.

முதல் நான்கு கலீபாக்களும் வாரிசுரிமையால் வந்தவர்களல்லர். ஹஸ்ரத் முஆவியா (ரலி) அவர்கள் தம் மைந்தர் யஸீதை நியமித்தது முதலே கிலாபத் மன்னராட்சியின் சாயலைப் பெற்றது. அந்த வழியில் கிடைத்த பதவியை உமர் (ரஹ்) அவர்கள் மகிழ்ந்து ஏற்றார்களில்லை. மிம்பரில் ஏறி, தம் விருப்பமோ முஸ்லிம்களின் ஆலோசனையோ இன்றி இப்பொறுப்பு தம்மீது சுமத்தப்பட்டதென்றும், பைஅத்திலிருந்து அனைவரையும் விடுவிப்பதாகவும், விரும்பியவரை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். கூடியிருந்தோர் அவர்களையே வேண்டும் என்றனர்.

அன்னார் எளிமையில் வளர்ந்தவர்களல்லர். தாய்வழியில் உமர் பாரூக் (ரலி) அவர்களின் வழித்தோன்றல். தந்தையோ எகிப்தின் ஆளுநர். இளமையில் உயர்ந்த ஆடைக்கும் நறுமணத்திற்கும் பெயர் பெற்றிருந்தார்கள். ஆயினும் 706-ல் மதீனாவின் ஆளுநரானதும் பத்து மார்க்க அறிஞர்களை அழைத்து, அவர்களைக் கலந்தே முடிவெடுப்பதாகக் கூறினார்கள். ஈராக்கில் ஹஜ்ஜாஜின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தோருக்குப் புகலிடம் தந்ததே 712-ல் அப்பதவி பறிபோகக் காரணமாயிற்று.

கலீபாவானதும் அநியாயமாகச் சேர்ந்த சொத்துக்களைத் திருப்பும் பணியைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். தமக்குக் கிடைத்திருந்த மானிய நிலங்களைத் துறந்தார்கள். மனைவி பாத்திமா அம்மையார், தம் தந்தை கலீபா அப்துல் மலிக் அளித்த நகைகளைப் பைத்துல்மாலில் சேர்த்தார்கள். உறவினர் வெகுண்டனர். அதிகாரத்தில் இருப்பவரின் சுற்றத்தாரே அதன் பயனை முதலில் நுகர்வர் என்பது எந்நாட்டுக்கும் பொதுவன்றோ! நமது ஓரிக்கை வழியே உத்திரமேரூர் செல்வோர், அங்குள்ள பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டைக் காணலாம். கணக்குக் காட்டாத வாரியத்தார் மட்டுமின்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் இடம்பெறலாகாது என்று 921-ஆம் ஆண்டிலேயே அவ்வூர்ச் சபையார் பொறித்துவைத்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அச்சபையில் இடமுண்டு என்பது வேறு விஷயம். விதி கல்லில் நின்றது. திமிஷ்கிலோ, ஒரு மனிதரின் இறையச்சத்தையன்றி வேறு காவல் இல்லை.

அந்த இறையச்சம் செய்தது சிறிதன்று. இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் புதியவர்களிடம் வாங்கப்பட்ட ஜிஸ்யா நிறுத்தப்பட்டது. வருவாய் குறையுமென ஆளுநர்கள் முறையிட்டும் அன்னார் அசையவில்லை. தங்கள் நகரம் வஞ்சகமாகக் கைப்பற்றப்பட்டதென சமர்கந்து மக்கள் முறையிட்டபோது, கலீபாவின் ஆணைப்படி காழி விசாரித்துத் தம் படைக்கு எதிராகவே தீர்ப்பளித்தார் என்பது வரலாறு.

ஒன்று மட்டும் கைகூடவில்லை. சுலைமானின் உயில், அடுத்த வாரிசாகத் தம் தம்பி யஸீதையும் குறித்திருந்தது. கிளர்ச்சி செய்த காரிஜிய்யாக்கள் இருவரை அனுப்பி, நீதியை நாடுபவர் அதற்கு இசைவதெப்படி என வினவினர். கலீபா அவர்கள் சிந்திக்க அவகாசம் கேட்டார்கள். விடை கூறுமுன், ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720) காலமானார்கள். நஞ்சூட்டப்பட்டதாகவும் கூறுவர். வயது ஏறத்தாழ நாற்பது. ஆண்டது இரண்டரை ஆண்டுகூட இல்லை.

யஸீத் கலீபாவானார். பைத்துல்மாலிலிருந்த நகைகளைத் திருப்பித் தருவதாகச் சகோதரி பாத்திமாவிடம் கூறினார். கணவர் உயிரோடிருந்தபோது துறந்ததை அவர் மறைந்தபின் ஏற்க அம்மையார் மறுத்துவிட்டார்கள். அவற்றை யஸீத் தம் குடும்பத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர்.