கால்பந்து வாத்தியார் ரகீம்



போன வாரம் எங்க வகுப்புல ஒரே சண்டை. மெஸ்ஸி பெரிய ஆளா, ரொனால்டோ பெரிய ஆளா என்றுதான். மதியம் சத்துணவு சாப்பிடும்போது ஆரம்பிச்சது, கடைசி பீரியடு வரைக்கும் ஓயவில்லை. அதைக் கேட்டுக்கிட்டே வந்த பி.இ.டி. சார், நம்ம நாட்டிலேயே அப்படி மூணு பேர் ஒரே அணியில் விளையாடினாங்களே, அவங்களில் யார் பெரியவர் என்று கேட்டார். எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். அதைத் தேடிப் படித்தபோதுதான் அந்த மூணு பேரையும் வழிநடத்திய ஒரு வாத்தியாரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம்.

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். படிக்கும்போதே பல்கலைக்கழக அணியில் கால்பந்து ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஆசிரியராக வேலைக்குப் போனார். ஆமாம், நம்ம சார், டீச்சர் மாதிரியே அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான்! பிறகு உடற்கல்விக்கும் தனியாகப் படித்துவிட்டு, மாணவர்களின் விளையாட்டைக் கவனித்துக்கொண்டார். எல்லாரும் அவரை ரகீம் சாகிப் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் வென்றது. ஒரு தடவை ஜெயிப்பதே கஷ்டம், 5 தடவை என்றால் சும்மாவா?

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர் ஆனார். 1951-ல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது.

ஆனால் அடுத்த வருஷமே பெரிய அடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். பத்துக்கு ஒன்று! அது குளிரான ஊர். நம்ம வீரர்கள் பல பேர் காலில் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்காலில் ஆடித்தான் அவர்களுக்குப் பழக்கம். இதைப் படித்ததும் எனக்கு எங்க டீம் ஞாபகம் வந்துவிட்டது. அறுவடை முடிந்த வயலில் தாள் குத்தக் குத்த வெறுங்காலில் ஓடுகிறவர்கள்தானே நாங்களும்! அந்தத் தோல்விக்கு அப்புறம் பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் கட்டாயமாக்கியது.

தோற்றுப்போனதும் ரகீம் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. பயிற்சியை மாற்றினார். அவருடைய பயிற்சி முறைகள் ரொம்ப வித்தியாசமானவை. வலது கால் பழக்கம் உள்ள பையன்கள் இடது காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடக்கூடாது, உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி வைப்பார். எது நமக்கு வராதோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். போட்டி அன்றைக்குக் கைதட்டல் வாங்குவது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது நடக்கிற பயிற்சிதான் பெரிசு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பலன் கிடைத்தது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தோம். அந்த ஆட்டத்தில் நெவில் டிசோசா ஒருவரே 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான்! கடைசியில் நான்காம் இடம் கிடைத்தது.

இப்போது அந்த மூணு பேர் கதைக்கு வருகிறேன். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். மூணு பேருமே முன்கள வீரர்கள். பானர்ஜி வலது ஓரத்தில் புயல் மாதிரி ஓடுவார், அவர் உதை இடி மாதிரி இருக்கும். கோஸ்வாமி பந்தைக் காலில் ஒட்டவைத்தது போல எதிரிகளை ஏமாற்றிக்கொண்டு போவார். பலராம் முன்வரிசையில் எங்கே நிறுத்தினாலும் ஆடுவார், தானும் கோல் போடுவார், அடுத்தவருக்கும் கொடுப்பார். பலராம் செகந்தராபாத் பக்கம் பிறந்தவர், ஆனால் அவருடைய அப்பா அம்மா தமிழர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தபோது நம்ம கோல் பானர்ஜி போட்டது. ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக கோல் போட்டவர் பலராம்.

இவர்களில் யார் பெரியவர்? இன்றைக்கும் பெரியவர்கள் இதைப் பற்றி வாதம் செய்வார்களாம். ஆனால் ரகீம் யாரையும் ஒசத்தி, மட்டம் என்று பார்க்கவில்லை. ஒருத்தரிடம் இல்லாதது இன்னொருத்தரிடம் இருந்தது. அதனால் மூணு பேரையும் சேர்த்தே இறக்கினார்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றோம். தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரகீம் என்ன செய்தார் தெரியுமா? தடுப்பு வீரரை முன்கள வீரராக மாற்றிவிட்டார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் போட்டார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் அந்தப் போட்டிக்குச் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசியதால், அந்த ஊர் ஜனங்களுக்கு நம் மேல் ஒரே கோபம். அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் நமக்காகக் கைதட்டினார்களாம். முதல் நாள் ராத்திரி ரகீம் தன் பையன்களிடம் ஒரே ஒரு பரிசு கேட்டாராம். அது தங்கப் பதக்கம்.

பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று போட்டது. கோல் கம்பத்துக்குக் கீழே நின்ற பீட்டர் தங்கராஜ் வேறு எதையும் விடவில்லை. 2-1 என்று இந்தியா ஜெயித்தது! கேட்டவருக்குப் பரிசு கிடைத்துவிட்டது.

ஆனால் ரகீமை அதற்குள் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. தங்கம் வாங்கி ஒன்பதே மாதத்தில், 1963 ஜூன் 11-ஆம் தேதி, காலமானார். 53 வயசுதான் ஆகியிருந்தது. பலராமும் அதே வருஷம் நுரையீரல் நோயால் ஆட்டத்தை விடவேண்டியதாப் போச்சு. அன்றிலிருந்து இன்று வரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்ததோடு சரி. பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020-லும், பலராம் 2023-லும் இறந்தார்கள். 2024-ல் ரகீமின் கதை 'மைதான்' என்று இந்தியில் படமாக வந்தது. நிறைய பேருக்கு அப்போதுதான் அவர் பெயரே தெரிந்தது.

கடைசியாக என் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் சிரிக்காதீங்க. மேட்டூர் தண்ணி நம்ம கடைமடைக்கு வந்து சேருவதற்குள் டீம் தயாராகணும் என்று ஜூன் மாதமே சார் பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். எனக்கு வலது கால்தான். ஆனால் என்னை மட்டும் பத்து நாளாக இடது காலால் உதைக்க விட்டார். பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு, டீமிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லலாம் என்றே முடிவு செய்திருந்தேன். ரகீம் சாகிப் கதையைப் படித்த பிறகுதான் சார் எதற்காக அப்படிச் செய்தார் என்று புரிந்தது.

பெயரை எடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் இடது காலால் அடித்த பந்து ஒன்று நேராக கோலுக்குள் போனது. ஒன்றுதான், ஆனாலும் போனது!

மெஸ்ஸியா, ரொனால்டோவா என்று சண்டை போடுகிற தோழர்களே, போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்துக்கும் வாங்க. ஆள் குறைவாக இருக்கிறது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கீழ்வேளூர்.