சிலுவையை வரைந்த யூதர்

கண் விழித்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து நாளைத் தொடங்குகிறோம். நம் வீட்டுச் சுவரிலும் முன்னோரின் கல்லறைமீதும் இருக்கும் சிலுவை நமக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் ஆண்டவர் இயேசு பிறந்த யூத இனத்தாருக்கு அது பல நூற்றாண்டுகளாக அச்சத்தின் அடையாளமாக இருந்துவந்துள்ளது. இஸ்ரயேலில் பல தொடக்கப் பள்ளிகளில் கூட்டல் குறியைக்கூடக் கீழ்க்கோடு இல்லாமல் எழுதக் கற்றுத்தருகிறார்கள். சிலுவைபோல் தெரியக்கூடாதாம்!

இதற்குக் காரணம் உண்டு. 1096-ஆம் ஆண்டு, முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்டவர்களில் ஒரு கூட்டத்தார், உடையில் சிலுவையைத் தைத்துக்கொண்டு, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்த யூதர்களைத் தாக்கினர். மைன்ஸ் நகரில் பேராயர் அடைக்கலம் கொடுத்தும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. திருமுழுக்குப் பெற மறுத்தவர்கள் கொல்லப்பட்டனர். 1903-லும், அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில், உயிர்ப்புப் பெருவிழா நாளன்றே யூதர்மீது வன்முறை தொடங்கியது.

அதே பேரரசின் வித்தெப்ஸ்க் நகரில் 1887-இல் பிறந்தவர் ஓவியர் மார்க் ஷகால். பக்தியுள்ள யூதக் குடும்பம். தந்தை மீன் கிடங்கில் கூலிவேலை செய்தார். தாய் சிறு மளிகைக் கடை நடத்தினார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பாரிசுக்குப் போய், 1912-லேயே கல்வாரிக் காட்சியை வரைந்தது வியப்புத்தான்.

1938-இல், நாத்சிகளின் கொடுமை பெருகியபோது, அவர் ‘வெள்ளைச் சிலுவைப்பாடு’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சிலுவையில் தொங்கும் இயேசுவின் இடையில் இருப்பது, யூதர்கள் செபிக்கும்போது போர்த்தும் சால்வை. அவர் காலடியில் மெழுகுதிரிகள் எரிகின்றன. சுற்றிலும் தொழுகைக்கூடம் தீப்பற்றி எரிகிறது. ஒருவர் திருச்சட்டச் சுருளை மார்போடு அணைத்தபடி ஓடுகிறார். படகில் அகதிகள் தத்தளிக்கிறார்கள். இயேசுவை நம் ஓவியர்கள் பெரும்பாலும் ஐரோப்பியராகவே வரைந்துவிட்டார்கள். தம் மக்களோடு துன்புறும் யூதராக அவரைக் காண, ஒரு யூதர் தூரிகை எடுக்க வேண்டியிருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மிகவும் விரும்பிய ஓவியம் இது. சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ள இது 2015-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டபோது நேரிலும் கண்டார்.

ஷகால் மதம் மாறவில்லை. 1941-இல் உயிர்தப்பி அமெரிக்கா சென்றார். அங்கே 1944-இல் மனைவி பெல்லாவை இழந்தார். போருக்குப்பின் பிரான்சு திரும்பினார். இயேசுவின் இறப்புக்காக யூதர் அனைவர்மீதும் பழி சுமத்தக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல்தான்.

பின்னர், போரில் குண்டுவீச்சால் சிதைந்திருந்த மைன்ஸ் புனித ஸ்தேவான் ஆலயத்தின் பங்குத்தந்தை, கண்ணாடிச் சன்னல்கள் செய்துதருமாறு ஷகாலுக்கு எழுதினார். 1096-இல் யூத இரத்தம் சிந்தப்பட்ட அதே மைன்ஸ். முதல் சன்னல் 1978-இல் பொருத்தப்பட்டபோது ஷகாலுக்கு வயது 91. 1985 மார்ச் 28-இல் இறக்கும்வரை அந்த ஆலயத்துக்கென ஒன்பது சன்னல்களை உருவாக்கினார். அவற்றின் நீல ஒளியில் ஆபிரகாமையும் மோசேயையும் பார்த்தபடி அங்குள்ள இறைமக்கள் இன்றும் திருப்பலி காண்கிறார்கள்.