சாலை கேட்ட வணிகர்

நெகிரி செம்பிலானில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். மலாயாவில் தைப்பிங்கில் 1885இலும், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இலும் போடப்பட்ட பாதைகளுக்கு அடுத்து வந்தது இதுதான். அதற்கு முன்னர் சுங்கை ஊஜோங் வட்டாரத்து ஈயம் லிங்கி ஆற்றில் படகேறிக் கடலுக்குச் சென்றது. காப்பித் தோட்டங்களின் விளைச்சல் மாட்டு வண்டியில் சேற்றுப் பாதைகளைக் கடந்தது. பின்னாளில் லின்சம், சுவா பெத்தோங், ரந்தாவ் முதலிய இடங்களில் இரப்பர்த் தோட்டங்கள் வளர்ந்தபோது, தண்டவாளமும் சாலையும் அவற்றின் உயிர்நாடியாக விளங்கின.

காட்டை அழித்தவர்களிலும் சாலைக்குக் கல் உடைத்தவர்களிலும் தமிழர் பலர் இருந்தனர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். வந்த நாட்டில் சாலை போட்ட அவர்களுடைய சொந்த மாவட்டங்களில், ஒரு தலைமுறைக்கு முன்பு, நல்ல சாலையைக் காண்பது அரிதாக இருந்தது. அந்தக் குறையை இலண்டன் நாடாளுமன்றம் வரை எடுத்துச் சென்றவர் ஒரு சென்னை வணிகர். அவர் பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

லட்சுமிநரசு 1806ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தந்தையார் அவுரிச் சாயமும் துணியும் விற்று வந்தார். மகனும் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே தொழிலில் இறங்கினார். வணிகம் செழித்தது; சென்னையின் செல்வந்தர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

அவுரி வணிகருக்குச் சாலையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு விளைவது உள்நாட்டில், விற்பது துறைமுகத்தில். இரண்டுக்கும் இடையே இருந்ததோ மண் தடம். கோடையில் புழுதி பறக்கும். மழையில் சக்கரம் அச்சு வரை புதையும். பாலம் இல்லாத ஆறுகளில் வெள்ளம் வடியும் வரை வண்டிகள் கரையில் காத்துக் கிடக்கும். பெல்லாரி வட்டாரத்துப் பருத்தி பொதிமாடுகளின் முதுகில் ஏறித்தான் கடற்கரைக்கு வந்தது. நல்ல சாலையில் ஒரு வண்டி இழுக்கக்கூடிய சுமைக்கு, மண் தடத்தில் பல பொதிமாடுகள் தேவைப்பட்டன. அந்தக் கூலி முழுவதும் சரக்கின் விலையில் ஏறியது. உழவருக்குக் கிடைத்த விலையிலும் குறைந்தது.

இலாப நட்டத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று இது. 1833ஆம் ஆண்டில் குண்டூர் மாவட்டத்தைப் பஞ்சம் தாக்கியது. அங்கிருந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களுள் சுமார் இரண்டு இலட்சம் பேர் இறந்தனர் என்பது அக்காலக் கணக்கு. தானியத்தை விரைவாகக் கொண்டு சேர்க்கச் சாலை இல்லாததும் அந்த அழிவை பெருக்கியது. வண்டி இழுக்கும் மாடுகளுக்கும் வழியில் தீனி வேண்டும், நீர் வேண்டும். பஞ்ச காலத்தில் அவை இரண்டும் கிடைக்கா. ஆகவே தொலைவிலிருந்து கிளம்பிய மூட்டை, பசித்தவர் வீட்டை அடைவது கடினமாயிற்று.

அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. நிலவரியும் உப்பு வரியும் தவறாமல் வாங்கப்பட்டன. அந்தப் பணத்தில் சாலைக்கும் ஏரிக்கும் திரும்பி வந்தது மிகச் சிறு பங்கே. இதற்கு நிருவாகக் காரணமும் ஒன்று உண்டு. 1833ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு, கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநரின் ஒப்புதல் இல்லாமல் சென்னை அரசாங்கம் புதிய செலவு எதனையும் மேற்கொள்ள இயலவில்லை. வரி கட்டுபவர் ஓரிடம், செலவை முடிவு செய்பவர் வேறோரிடம் என்றால், சாலைக்கு அழுத்தம் கொடுக்க ஆள் எங்கே?

லட்சுமிநரசு முதலில் கையில் எடுத்தது செய்தித்தாளை. 1844ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் கிரெசென்ட் என்னும் ஆங்கில ஏட்டை வெளியிடத் தொடங்கினார். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயர் அதன் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆளுவோரின் மொழியில் எழுதினால்தான் ஆளுவோர் படிப்பர் என்பதை அந்த வணிகர் நன்கு கணித்திருந்தார். அரசுப் பள்ளிகளில் சமயம் புகுத்தப்படுவதையும், மதம் மாறியோரின் சொத்துரிமை பற்றிய சட்டத்தையும் எதிர்த்து அவ்வேடு எழுதியது. அதிகாரிகளுக்கு அவர்மீது எரிச்சல் மூண்டது. ஆனால் அவர் அரசாங்கச் சம்பளக்காரர் அல்லர். ஆகவே அவரை அச்சுறுத்துவது எளிதாக இல்லை.

1852ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னைச் சுதேசிகள் சங்கம் உருவானது. அதன் உந்துசக்தி லட்சுமிநரசு. தொடக்கத்தில் அது கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாக இயங்கியது. விரைவிலேயே பிரிந்து தனித்து நின்றது. கல்கத்தாச் சங்கத்தில் பெருநிலக்கிழார்களின் குரல் ஓங்கியிருந்தது. சென்னை மாகாணத்திலோ பெரும்பாலான உழவர்கள் அரசாங்கத்திற்கே நேரடியாக வரி செலுத்தினர். அவர்களுடைய துன்பம் வேறு. அதைச் சொல்லத் தனி மனு தேவைப்பட்டது.

அவர்கள் தேர்ந்தெடுத்த காலமும் கவனிக்கத்தக்கது. கம்பெனியின் ஆட்சியுரிமையை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதுப்பித்து வந்தது. 1813, 1833 என வந்த அந்த வரிசையில் அடுத்தது 1853. கம்பெனி நாடாளுமன்றத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டிய ஆண்டு அது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில்தான் பேரம் பேச வேண்டும் என்பது கடைத்தெருவில் எவருக்கும் தெரிந்த பாடம். 1852ஆம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் மனு சென்னையிலிருந்து புறப்பட்டது.

மனுவில் முறையீடுகள் பல இருந்தன. நிலவரியின் சுமை, வரி வசூலிப்போரின் கொடுமை, நீதிமன்றத் தாமதம், கல்விக்குப் பணம் ஒதுக்காமை ஆகியவை அவற்றுள் சில. அவற்றோடு சாலை, பாலம், நீர்ப்பாசனம் ஆகியவற்றுக்கு அரசாங்கம் செலவிட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. இவை தனித்தனிக் குறைகள்போல் தோன்றினாலும் ஒன்றோடொன்று பின்னியவை. ஏரி உடைந்தால் விளைச்சல் குன்றும். சாலை இல்லாவிட்டால் விளைந்ததும் விலை போகாது. விலை போகாத உழவரால் வரி கட்ட முடியாது. வரி கட்டாதவரின் மேல் அடி விழும்.

இந்தக் கோரிக்கைக்கு எதிர்பாராத இடத்திலிருந்தும் துணை கிடைத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஆலை முதலாளிகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. பருத்தி வருவதற்குச் சாலை வேண்டுமல்லவா? அந்நகரத்தைச் சார்ந்த ஜான் பிரைட் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் கம்பெனியை விடாமல் தாக்கினார். 1834 முதல் 1848 வரையிலான 14 ஆண்டுகளில் கம்பெனி இந்தியா முழுவதும் பொதுப்பணிகளுக்குச் செலவிட்டதைவிட, மான்செஸ்டர் நகரம் தன் குடிநீருக்காக மட்டும் செலவிட்ட தொகை பெரிது என்று அவர் பின்னர் எடுத்துக் காட்டினார். ஆலை முதலாளிகளின் அக்கறை உழவரின் நலனைவிடப் பருத்தியின் விலைமீதே அதிகம் என்பதை மறுக்க இயலாது. இருந்தாலும் அந்தக் குரலின் வலிமையை லட்சுமிநரசு பயன்படுத்திக் கொண்டார்.

1853ஆம் ஆண்டுச் சட்டம் ஏமாற்றம் அளித்தது. கம்பெனியின் ஆட்சி நீடித்தது. சென்னை மக்களுக்கு ஆட்சியில் பங்கு கிடைக்கவில்லை. சங்கம் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவரான டான்பி சீமோர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை நகரத்து விருந்துகளோடு அனுப்பிவிடாமல், மாவட்டங்களின் உட்பகுதிகளுக்கு அழைத்துச் சென்றார். மனுவில் எழுதியதை நேரில் காட்டுவதே அவருடைய எண்ணம். மோசமான பாதைகளில் பயணம் செய்த சீமோர், வரி கட்டத் தவறிய உழவர்கள் வெயிலில் குனிந்து நிற்க வைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட செய்திகளையும் அறிந்தார்.

அவர் நாடு திரும்பிய பின் 1854ஆம் ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் இதுபற்றி விவாதம் எழுந்தது. கம்பெனியின் ஆதரவாளர்கள் முதலில் நம்ப மறுத்தனர். சென்னையில் சித்திரவதை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் முன் 1,900க்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. பலர் நெடுந்தொலைவு நடந்தே வந்து முறையிட்டனர். 1855இல் வெளிவந்த அறிக்கை, கொடுமை நடந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. லட்சுமிநரசுவின் வாழ்க்கையில் கிட்டிய பெருவெற்றி அதுவே.

சாலை விவகாரத்தில் வெற்றி மெதுவாகவே வந்தது. சென்னை மாகாணப் பொதுப்பணிகளை ஆராய்ந்த குழுவொன்று 1852இலேயே சாலைகளின் அவலத்தை விளக்கி அறிக்கை அளித்திருந்தது. 1854ஆம் ஆண்டையொட்டி டல்ஹவுசி பிரபு பொதுப்பணித் துறையைப் புதிதாக அமைத்தார். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அதன் தூரம் சுமார் 100 கிலோமீட்டர்.

ஆனால் இதிலும் ஒரு முரண் இருந்தது. இரயில் பாதையைப் போட்டவை இங்கிலாந்து நிறுவனங்கள். அவற்றின் முதலீட்டுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று கம்பெனி அரசாங்கம் உறுதியளித்திருந்தது. வருமானம் குறைந்தால் இந்திய வரிப்பணம் அதை ஈடு செய்யும். இலண்டனில் பங்கு வாங்கியவருக்கு நட்டமில்லை. கிராமத்திலிருந்து இரயில் நிலையத்திற்குச் செல்லும் மண் தடத்திற்கோ அத்தகைய உறுதி எதுவும் இல்லை. தண்டவாளம் பளபளத்தது, அதனை அடையும் வழி சேறாகவே கிடந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன்கூட, இரயிலைவிடக் கால்வாய்க்கும் பாசனத்திற்கும் முதலிடம் தர வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடி வந்தார்.

1858ஆம் ஆண்டில் கம்பெனியின் ஆட்சி முடிந்து, பிரிட்டிஷ் அரசியாரின் ஆட்சி தொடங்கியது. தம்மை ஓயாமல் குறை கூறியவருக்கு அரசாங்கம் சி.எஸ்.ஐ. விருது வழங்கியது. 1863இல் சென்னை சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராக அவர் அமர்த்தப்பட்டார். முன்பு வெளியே நின்று மனு அனுப்பியவர், இப்போது உள்ளே அமர்ந்து பேசினார். எனினும், அங்கு அவர் நீண்ட காலம் பணியாற்ற இயலவில்லை.

செய்தித்தாள் நடத்தவும், மனுக்கள் தயாரித்து இலண்டனுக்கு அனுப்பவும், பயணங்களுக்கும் அவர் தம் கைப்பணத்தையே செலவிட்டார். கவனிப்பார் இன்றி வணிகம் சரிந்தது. இளமையில் சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்ட நிலையில், 1868ஆம் ஆண்டில் லட்சுமிநரசு செட்டியார் காலமானார்.

அவர் இறந்த பின்னும் தென் மாவட்டங்களில் வறுமை நீங்கவில்லை. 1876 முதல் 1878 வரை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இம்முறை இரயிலில் தானியம் வந்தது. ஆனால் பலரிடம் அதனை வாங்கக் காசு இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியோருள் சிலர் போர்ட்டிக்சன் பாதையின் ஓரத்திலிருந்த தோட்டங்களை வந்தடைந்தனர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட முதல் கருவிகள் மண்வெட்டியும் கல்லுடைக்கும் சுத்தியலும்.