மௌனத்தைப் படமாக்கிய மெல்வில்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவன்)

சென்ற விடுமுறையில் நண்பனின் கைப்பேசியில் ‘லெ சாமுராய்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தேன். கூலிக்குக் கொலை செய்யும் ஒருவனின் கதை அது. பாரிசில் ஓர் இருண்ட அறை. கட்டிலில் அவன் படுத்திருக்கிறான். கூண்டுப் பறவை கீச்சிடுகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் எவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை! பாட்டும் வசனமும் கேட்டுப் பழகிய எனக்குச் சலிப்புத் தட்டியது. பாதியில் நிறுத்திவிட்டேன். பின்னர் அதை இயக்கிய ழான் பியர் மெல்வில் அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், என் அவசரம் எனக்கே விளங்கியது.

1917 அக்டோபர் 20-ஆம் நாள் பாரிசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் அவர். குடும்பப் பெயர் க்ரும்பாக். 1940-இல் பிரான்சு செர்மானியரிடம் வீழ்ந்தது. அவர் தலைமறைவு விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, தாம் விரும்பிய அமெரிக்க நாவலாசிரியரின் பெயரான ‘மெல்வில்’ என்பதைப் புனைபெயராகக் கொண்டார். வாய் தவறிய ஒரு சொல் தோழனின் உயிரைக் குடிக்கும் காலம் அது. அவருடைய அண்ணன் 1942-இல் பிரனீசு மலையைக் கடக்கும்போது கொல்லப்பட்டார்.

போர் முடிந்தபின், உதவி இயக்குநராவதற்கு வேண்டிய தொழிற்சங்க அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை; சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். வெர்கோர் எழுதிய ‘கடலின் மௌனம்’ என்ற கதையைப் படமாக்க விரும்பினார். ஆசிரியரோ இசையவில்லை. விடுதலை இயக்கத்தினருக்குப் படத்தைக் காட்டுவதாகவும், அவர்கள் ஏற்காவிடில் படச்சுருளை எரித்துவிடுவதாகவும் வாக்களித்தார். அவர்கள் ஏற்றனர், படம் 1949-இல் வெளிவந்தது. வீட்டில் வந்து தங்கிய செர்மானிய அதிகாரியிடம் ஒரு முதியவரும் அவர் உறவுப் பெண்ணும் பேச மறுப்பதே அதன் கதை. ஆம், அங்கே மௌனமே போராட்டம்!

பாரிசில் தமக்கெனப் படப்பிடிப்பு நிலையமும் அமைத்தார். 1967-இல் அது தீக்கிரையாயிற்று. ‘லெ சாமுராய்’ படத்தில் நடித்த அந்தச் சிறு பறவையும் மடிந்தது. ஆயினும் அவ்வாண்டே படம் வெளிவந்தது. விடுதலை வீரர்களைப் பற்றி 1969-இல் அவர் எடுத்த ‘நிழல்களின் படை’யைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் பலர் சாடினர். அமெரிக்காவில் அது 2006-இல்தான் திரையிடப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றது. அதைக் காண அவர் இல்லை. 13 முழுநீளப் படங்களைத் தந்த அவர், 1973 ஆகஸ்டு 2-ஆம் நாள் தம் 55-ஆம் வயதில் மறைந்தார்.

இதையெல்லாம் படித்தபின் அப்படத்தை மீண்டும் பார்த்தேன். காவலர்கள் அவன் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்து வைக்கின்றனர். பறவையின் படபடப்பைக் கண்டே அவன் அதை உணர்ந்துகொள்கிறான். எவரையும் நம்ப இயலாதவனுக்கு அந்தப் பறவை ஒன்றே துணை. முதன்முறை நான் வெறுமை என்று எண்ணிய இடமெல்லாம் அச்சமும் தனிமையும் நிறைந்திருந்தன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் வகுப்பில் வாய் திறக்க அஞ்சினேன். பேசாதவனுக்கு ஒன்றும் தெரியாது என்று பிறர் எண்ணுவரோ என வருந்தியதுண்டு. அந்த நானே பேசாத படம் ஒன்றை அவ்வாறு எடைபோட்டு நிறுத்தினேன். நண்பர்களே, நீங்கள் அப்படத்தைப் பார்க்க நேர்ந்தால் அந்தப் பத்து நிமிடங்களைப் பொறுத்திருந்து பாருங்கள்!