கரண்ட் வைக்கப் பயந்த அத்தைக்கு ஒரு ஜெர்மன்காரரின் கதை

ஊரில் என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, கீமோவும் முடிந்தது. இனி 25 நாள் கரண்ட் வைக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேதான் அத்தை மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாங்க. கத்திக்குப் பயப்படாதவங்க, முடி கொட்டினபோதுகூட அழாதவங்க, கரண்ட் என்ற வார்த்தைக்குப் பயந்துவிட்டாங்க. உடம்பு உள்ளுக்குள்ளே கருகிடும், பேத்தியைத் தூக்கினால் பிள்ளைக்கும் ஆகாது என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம்ம ஊரில் கரண்ட் வைப்பது என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. போனில் இதை விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. நான் இருப்பது நியூரம்பெர்க்கில். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் வூர்ஸ்பர்க். இந்தக் கதிரைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் கான்ராட் ரோன்ட்கன் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. சரி, விளக்கம் வேண்டாம், அந்த மனுஷனின் கதையைச் சொல்வோம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் காலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் இது.

நம் பாடப்புத்தகத்தில் ராண்ட்ஜன் என்று படித்திருப்போம். இங்கே அந்தப் பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன் என்பதை ரோன்ட்கன் பண்ணப் போகிறேன் என்கிற மாதிரிதான் ஜெர்மானியர்கள் சொல்வார்கள்.

1845 மார்ச் 27 அன்று லென்னப் என்ற சின்ன ஊரில் ஒரு துணி வியாபாரிக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தார். மூன்று வயதிலேயே குடும்பம் நெதர்லாந்துக்குப் போய்விட்டது. உத்ரெக்ட்டில் படிக்கும்போது வகுப்பில் யாரோ ஒரு பையன் வாத்தியாரைக் கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டான். யார் வரைந்தது என்று கேட்டபோது ரோன்ட்கன் காட்டிக்கொடுக்கவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். நம்ம கணக்கில் சொன்னால் பிளஸ் டூ சர்ட்டிபிகேட் இல்லாத ஆள். ரெகுலர் மாணவராக எந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்காது.

சூரிச் பாலிடெக்னிக்கில் அந்தச் சான்றிதழ் இல்லாமலும் சேரலாம் என்று கேள்விப்பட்டு 1865-ல் அங்கே போனார். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! இதைச் சொல்லும்போது எனக்கு லேசாகப் பெருமை. நானும் மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குத் தாவியவன்தான். அவர் இயற்பியலுக்குத் தாவினார். அந்த ஊரில் ஒரு கஃபே நடத்தியவரின் மகள் பெர்த்தாவைத்தான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை இல்லை. பெர்த்தாவின் சகோதரர் மகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். இந்த இடத்தில் அத்தை உம் கொட்டுவது நின்று, ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தாங்க.

பேராசிரியர் குண்ட்டின் உதவியாளராக முதன்முதலில் வூர்ஸ்பர்க் வந்தபோது, பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரையாளர் தகுதி தர மறுத்துவிட்டது. ஸ்ட்ராஸ்பர்க், கீசன் என்று ஊர் ஊராகப் போய்விட்டு, 1888-ல் அதே வூர்ஸ்பர்க்குக்குப் பேராசிரியராகத் திரும்பினார். ஆறு வருஷத்தில் அங்கேயே ரெக்டரும் ஆனார். கேம்பஸ் இன்டர்வியூவில் கழித்துக்கட்டப்பட்ட எல்லோருக்கும் பிடிக்கும் கதை இது.

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. அவருக்கு வயது 50. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியாயிற்று, அறையும் இருட்டு. ஆனால் கொஞ்ச தூரத்தில், பேரியம் உப்பு பூசிய ஒரு திரை மட்டும் மினுங்கியது. அட்டையைத் தாண்டி ஏதோ வருகிறது. என்னவென்று தெரியாததால் கணக்கில் போடுவது போல எக்ஸ் என்று பெயர் வைத்தார். அடுத்த சில வாரங்கள் சாப்பாடு, தூக்கம் எல்லாம் பெரும்பாலும் அங்கேயேதான். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. டிசம்பர் 22 அன்று பெர்த்தாவைக் கூப்பிட்டு, கையை அசையாமல் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரிந்தன. அதைப் பார்த்த பெர்த்தா தன் சாவையே பார்த்தது போலப் பயந்துவிட்டதாகச் சொல்வார்கள். அத்தை உடனே, பார்த்தியா, அந்தம்மாவே பயந்திருக்காங்க என்று என்னை மடக்கிவிட்டாங்க.

1896 ஜனவரியில் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 23-ஆம் தேதி வூர்ஸ்பர்க்கில் பேசும்போது, 78 வயதான உடற்கூறியல் பேராசிரியர் கொலிக்கரின் கையை எல்லோர் முன்னாலும் படம் எடுத்தார். இதை ரோன்ட்கன் கதிர் என்று அழைப்போம் என முன்மொழிந்தவரும் அந்தக் கொலிக்கர்தான். காப்புரிமை எடுத்திருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். எடுக்கவில்லை, இது எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்டார். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். பெயருக்கு முன்னால் பிரபு குலத்து ஃபான் சேர்த்துக்கொள்ளும் உரிமையை பவேரிய அரசு கொடுத்தது, அதையும் வேண்டாம் என்றார்.

காப்புரிமை இல்லாததால் குழாய் வைத்திருந்த யாரும் மறுநாளே ஆரம்பிக்க முடிந்தது. படம் எடுப்பதோடு நிற்கவில்லை. கதிர் பட்ட இடத்தில் தோல் சிவக்கிறது, முடி கொட்டுகிறது என்று கவனித்தவர்கள், கட்டி மீது அடித்தால் அதுவும் கருகுமே என்று யோசித்தார்கள். 1896-லேயே பிரான்சின் லியோன் நகரில் டாக்டர் தெஸ்பெய்ன் வயிற்றுப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார். அவர் பிழைக்கவில்லை. 1899-ல் ஸ்வீடனில் தோல் புற்றுநோய் முதன்முதலாகக் குணமானது.

அத்தையின் பயம் வெறும் கட்டுக்கதை இல்லை, இதை மறைக்கக்கூடாது. அன்றைக்கு அளவு தெரியாமல் கதிரில் கை வைத்தவர்களின் விரல்கள் நிஜமாகவே கருகின. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-ல் இறந்தார். ஹாம்பர்க்கின் பெரிய கதிர் மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் ஒரு கையை இழந்து 1921-ல் இறந்தார். அவர் வேலை பார்த்த ஹாம்பர்க் மருத்துவமனைத் தோட்டத்தில் 1936-ல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். எக்ஸ்ரே, ரேடியம் வேலையில் உயிர்விட்ட 169 பேரின் பெயரை முதலில் பொறித்தார்கள், பிறகு இன்னும் சேர்த்தார்கள். ரோன்ட்கன் தப்பித்ததற்கு ஒரு காரணம், படத்துக்கு வெளிச்சம் புகாமல் இருக்க அவர் துத்தநாகத் தகட்டால் ஒரு பெட்டி அறை செய்து உள்ளே நின்று வேலை பார்த்தார். ஈயத் தகடும் வைத்திருந்தார்.

அளவுதான் எல்லாம் என்று கற்றுக்கொள்ள முப்பது வருஷம் பிடித்தது. என் பக்கத்து ஊர் எர்லாங்கனில் சைட்ஸ், வின்ட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ஒரே தடவையில் பெரிய அளவாகக் கொடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். பாரிஸில் கூத்தார் என்பவர் 1920-களில் அதையே சின்னச் சின்னதாகப் பல வாரத்துக்குப் பிரித்துக் கொடுத்து, தொண்டைப் புற்றுநோய்க்காரர்களைக் காப்பாற்றிக் காட்டினார். கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. நல்ல செல் இடைவெளி கிடைத்தால் பெரும்பாலும் ரிப்பேர் செய்துகொள்ளும், புற்றுசெல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அத்தைக்கு 25 நாள் என்று டாக்டர் எழுதியதற்கு இதுதான் காரணம். தினம் 2 கிரே, வாரம் ஐந்து நாள், மொத்தம் 50 கிரே. இன்றைய மெஷினிலும் வேகமான எலக்ட்ரான் உலோகத்தில் மோதி வருவது அதே எக்ஸ் கதிர்தான், ஆற்றல் மட்டும் பல மடங்கு அதிகம். சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-ல் கோபால்ட்-60 கருவி வந்தது. அப்போதிருந்தே நம்ம ஜனங்கள் இந்த வைத்தியம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய்ப் பேரன் பேத்திகளைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ரோன்ட்கனின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. 1900-ல் மியூனிக் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பெர்த்தா 1919-ல் இறந்தார். போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் சேமிப்பெல்லாம் காகிதமாகிக்கொண்டிருந்தது. 1923 பிப்ரவரி 10 அன்று குடல் புற்றுநோயால் இறந்தார். கதிரால் வந்த நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வயிற்றுக்குள் ஆழத்தில் இருந்த அந்தக் கட்டியைப் பத்திரமாகச் சுடும் அளவுக்கு அவருடைய கதிர் அன்றைக்கு வளர்ந்திருக்கவில்லை. தன் ஆய்வுக் குறிப்புகளை எரித்துவிடச் சொல்லியிருந்தார், அப்படியே எரித்தார்கள். கீசனில் பெற்றோருக்கும் பெர்த்தாவுக்கும் பக்கத்தில் அடக்கம்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவருக்கே கிடைக்கலையா என்று மட்டும் கேட்டாங்க.

மறு வாரம் போக ஆரம்பித்தாங்க. இதை எழுதும்போது 11 நாள் முடிந்திருக்கிறது. தோல் கறுத்திருக்கிறது, மத்தியானம் அசதி அடிக்கிறது என்று சொல்றாங்க. எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் ரூமில் இருப்பது மொத்தமே பத்து நிமிஷம்தானாம், வெளியே பெஞ்சில் காத்திருப்பதுதான் இரண்டு மணி நேரம். நேற்று அந்த பெஞ்சிலிருந்தே வீடியோ காலில் வந்தாங்க. பக்கத்தில் ஒரு அம்மா, அன்றைக்குத்தான் முதல் நாளாம், முகமெல்லாம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாங்க. போனை அவங்க கையில் கொடுத்துவிட்டு, அந்த மோதிரக் கை படத்தை அனுப்பு தம்பி, நான் இவங்களுக்குச் சொல்லணும் என்றாங்க அத்தை.