சந்தைக்கு வழி கேட்ட செல்வர்

ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்பு (ரலி) அவர்களின் பெயரைக் கேட்டதும் உங்கள் உள்ளத்தில் ஒட்டகச் சாரைகளும் பொற்குவியல்களும் தோன்றக்கூடும். அச்செல்வம் எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

குறைஷியரின் பனூ ஸுஹ்ரா குலத்தில் பிறந்த அவர்கள், ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் அழைப்பால் தொடக்க நாட்களிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர்கள். கி.பி. 622-ல் ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைந்தபோது ஏறத்தாழ நாற்பது வயது, கையிலோ ஒன்றுமில்லை. நாற்பதில் வெறுங்கையராய் நிற்பது இருபதில் நிற்பதைப் போன்றதன்று என்பதைக் குடும்பஸ்தர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஸஅது பின் ரபீஉ (ரலி) என்னும் அன்ஸாரித் தோழருடன் உடன்பிறப்பாக இணைத்து வைத்தார்கள். மதீனத்துச் செல்வந்தரான ஸஅது (ரலி) அவர்கள் தம் பொருளில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். மனமுவந்து அளித்த கொடை அது. ஏற்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் வந்தவரோ, கொடுக்க வந்தவரின் குடும்பத்திற்கும் பொருளுக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்கள்.

பனூ கைனுகாவினரின் சந்தையைக் காட்டினார்கள். அங்கே சென்று வாங்கினார்கள், விற்றார்கள். திரும்பும்போது இலாபமாகக் கையில் இருந்தவை சிறிது நெய்யும், சிறிது உலர்ந்த தயிர்க்கட்டியுமே! மறுநாள் காலையும் சென்றார்கள்; அதற்கடுத்த நாளும் சென்றார்கள். சில காலத்திற்குப் பின் அவர்கள் ஆடையில் மஞ்சள் நறுமணக் கறையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் காரணம் வினவ, அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்த செய்தி வெளிப்பட்டது. பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹர். அது சந்தை தந்த பொருள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள்.

பின்னாளில் குவிந்த செல்வத்தைப் பலரும் விரித்துரைப்பர். எமக்கோ அந்த நெய்யே பெரிதாகத் தோன்றுகிறது. நிலமொன்றை 40,000 தீனாருக்கு விற்று, அத்தொகையைத் தம் குலத்தாருக்கும் ஏழைகளுக்கும் நாயகத்தின் துணைவியருக்கும் பங்கிட்டார்கள். கி.பி. 644-ல் கலீபாவைத் தெரிவு செய்யும் அறுவர் குழுவில் இடம்பெற்றும், தமக்கு அப்பதவி வேண்டாமென ஒதுங்கிக்கொண்டார்கள். ஹிஜ்ரி 32-ல், மதீனாவில் மறைந்தார்கள்.

செல்வம் பெருகிய நாட்களில் ஒரு நோன்பு மாலை. உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. உஹதில் ஷஹீதான முஸ்அபு பின் உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. அவரைப் போர்த்த ஒரே துணிதான் கிடைத்தது. தலையை மூடினால் கால் வெளிப்பட்டது, காலை மூடினால் தலை வெளிப்பட்டது. தம் நன்மைகளின் கூலி இவ்வுலகிலேயே கொடுத்துத் தீர்க்கப்பட்டுவிட்டதோ என்ற அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. அழத் தொடங்கினார்கள். உணவு அப்படியே இருந்தது.